ஒரு பிடி, வரவு

உலை வைக்குமுன் ஒரு பிடி.
காலையில் ஒன்று, மாலையில் ஒன்று,
அடுப்புக்குப் பக்கத்துத் தகர டப்பாவில்
போட்டுவிட்டுத்தான் மற்ற வயிறுகளைப் பார்ப்போம்.
மிசோ மலையில் சபை வளர்ந்தது இப்படித்தான்,
பெண்களின் கை கொண்ட அளவில்.
சனிக்கிழமை கூடையோடு வருவார்கள்,
வீடு வீடாக, செங்குத்துப் படியேறி.

மூங்கில் பூத்த வருஷம்.
பூவுக்குப் பின் காய், காய்க்குப் பின் எலி,
எலிக்குப் பின் எங்கள் சரிவில் வெறும் தாள்.
மூன்று வாரமாக என் டப்பாவில் அடி தெரிந்தது.
ரோகுங்கி வந்தாள்.
தூக்கியவுடன் அவளுக்குத் தெரிந்துவிட்டது.
கூடைமேல் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டி,
வெறும் தகரம் சத்தம் போடுமே என்று
அந்த நேரம் பார்த்து இருமினாள்,
சளி பிடித்த கிடாரி மாதிரி.
நோட்டில் எழுதினாள்:
ஸோதன்குமி, ஒரு பிடி, வரவு.

கணக்கில் பொய். அதுவும் கர்த்தரின் கணக்கில்.
நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
போகிற போக்கில் திரும்பி,
"முழங்கால் சொன்னபடி கேட்கவில்லை,
மிச்சப் படிகளுக்குக் கூடையை நீ சும" என்றாள்.
நெற்றிப்பட்டையில் கூடை தொங்க
முப்பத்தெட்டு வீட்டு அரிசி என் முதுகில் ஏறியது.
கொடுக்க ஒன்றும் இல்லாத அன்றுதான்
நான் அதிகம் சுமந்தது.

நன்றி சொல்லத்தான் ஆரம்பித்தேன். ஆனாலும் சொல்கிறேன்,
இவர்கள் ஒன்றும் தேவதூதர்கள் இல்லை.
மூப்பர் ஹ்ராங்சுவானா ஜெபிக்க எழுந்தால்
தேநீர் ஆறி, மறுபடி சூடேறி, மறுபடி ஆறும்.
லியான்ஸுவாலியும் அவள் நாத்தனாரும்
பாடகர் குழுவில் யார் எங்கே நிற்பது என்று
இரண்டு கிறிஸ்துமஸ் பேசிக்கொள்ளவில்லை.
கல்யாணமாகி ஆறாம் மாதமே என் மகள் பெற்றபோது
விரல்விட்டு எண்ணியவர்களும் இவர்களே.
எண்ணிய அதே விரல்களால்
ஏழு கம்பளிக் குல்லாய் பின்னிக் கொடுத்தார்கள்.
ஒரு தலைக்கு ஏழு.

தட்டுகளைப் பற்றிச் சொல்லவேண்டும்.
ஒவ்வொரு வீட்டுத் தட்டின் அடியிலும்
நகப்பூச்சில் ஓர் அடையாளம் இருக்கும்,
புள்ளியோ பிறையோ பெயரின் முதல் எழுத்தோ.
மகள் கல்யாணத்துக்கு இருநூறு தட்டு இறங்கி வந்தது,
பன்றிக்கறிப் புகையில் ஊரே கண்ணைத் துடைத்தது.
எட்டு மாதம் கழித்து
தாங்புவாயாவின் லாரி சில்சார் சாலையில்
ஒரு வளைவைத் தவறவிட்டபோது
அதே தட்டுகள் மறுபடி இறங்கி வந்தன.
அதே சிவப்புப் பிறை.
கழுவும்போது விரல்தான் முதலில் அறிந்தது.

உடல் வருமுன்பே குழி தயார்.
பையன்கள் மழையில் வெட்டினார்கள்,
ஊறிய தண்ணீரை என் சோற்றுப் பானையால் இறைத்தார்கள்,
கேட்காமலே எடுத்துப் போயிருந்தார்கள்.
இரவில் முரசோடு வந்து உட்கார்ந்தார்கள்.
ஆறுதல் சொல்ல யாரும் வாய் திறக்கவில்லை.
பாடினார்கள். தேநீர். மறுபடி பாட்டு.
மூன்றாம் இரவு, முரசடித்த பையன்
கோலைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போய்
வாய் பிளந்து குறட்டை விட்டான், தாளம் தப்பாமல்.
சிரித்துவிட்டேன்.
துக்க வீட்டில் நான் சிரித்ததை
இன்றுவரை யாரும் என்னிடம் திருப்பிச் சொன்னதில்லை.

விடிந்ததும் அவன்தான்
சொல்லாமல் கூரையேறித் தகரத்தில் ஆணி அடித்தான்.
இறங்கி வந்து, "ஒழுகியது" என்றான்.
அவ்வளவுதான் அவன் அனுதாபம்.
பதினான்கு மழைக்காலமாக அந்த இடம் ஒழுகவில்லை.

போன ஞாயிறு போதகர் கேட்டார்,
நன்றி சாட்சி சொல்ல யாரும் உண்டா என்று.
எழுந்தேன்.
டப்பா, கூடை, பிறை, பானை எல்லாம்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தொண்டைக்கு வந்தன.
எங்கே தொடங்கினாலும்
ரோகுங்கியின் பொய்க்கணக்கு வெளியே வந்துவிடும்.
மூன்றாம் பெஞ்சில் அவள்
பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள்,
தலைகீழாக.

"மழைக்காக ஸ்தோத்திரம்" என்றேன்.
உட்கார்ந்தேன்.
மூன்றாம் பெஞ்சிலிருந்து ஓர் இருமல்.